வட்டில் திரும்பி வரும் நாட்கள்

ஜூலை 2, சாம்பேசி ஊர், சாம்பியா
விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சிறுவனை முகண்டாவுக்கு, சிறுவர்களை ஆண்மகனாக்கும் சடங்குக்கான காட்டு முகாமுக்கு, அழைத்துச் சென்றுவிட்டார்கள். 9 வயது. நேற்று மாலை வரை என் திண்ணையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவன்.

ஜூலை 5
அவன் தாய் மரவள்ளிக் களி கிளறி, வட்டிலில் வைத்துத் துணியால் மூடி, வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினாள். பெண்கள் அந்தக் காட்டுப் பக்கம் அடியெடுத்து வைக்கக் கூடாது; விருத்தசேதனக் காயம் ஆறியதா என்று கேட்பதற்கும் வழியில்லை. திரும்பி வந்த வட்டிலின் ஓரத்தில் சிறு விரல் வழித்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூலை 9
வட்டில் காலியாக வந்தது.

ஜூலை 15
இன்று ஊருக்குள் லிகிஷி வந்தது; முகண்டாவையொட்டி ஆடிவரும் முகமூடி உரு. சுள்ளிகளால் கூடு கட்டி, மரப்பட்டைத் துணி போர்த்தி, பிசின் பூசி, சிவப்பும் வெள்ளையும் தீட்டிய முகம். அதற்கு மேல் கூம்பாக நெடிதுயர்ந்த முடி. கழுத்திலிருந்து கால்விரல் வரை வலைபோல் முடைந்த நார் உடையில் மனிதத் தோல் ஓர் இடத்திலும் தெரியவில்லை. உள்ளே யார் என்று நான் கேட்டது பெரும் பிழை.

“உள்ளே யாரும் இல்லை டீச்சர், மண்ணிலிருந்து எழுந்து வந்த முன்னோர் அவர்” என்றாள் சிறுவனின் தாய், குரலைத் தாழ்த்தி.

அப்போதிருந்து முகமூடி என்ற சொல் எனக்கு நெருடுகிறது. மூடுவதற்கு ஒரு முகம் இருந்தால்தானே அது முகமூடி? வேடம் என்பதும் பொருந்தாது. சிறுவர்களுக்குத் துணையாக இறந்தவர் திரும்பி வருகிறார் என்று லுவாலே, சோக்வே, லுச்சாசி, ம்புண்டா மக்கள் சொல்லும்போது, நான் எந்தச் சொல்லால் அவரை எழுதுவது?

ஜூலை 21
முன்பு மாதக்கணக்கில் நீண்ட முகண்டா, பள்ளி நாட்காட்டிக்காக இப்போது ஒரு மாத அளவுக்குச் சுருங்கிவருகிறது. மாகிஷி (லிகிஷியின் பன்மை) ஆட்டத்தை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்து அறிவித்தது, 2008-இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்சிக் கூட்டங்களுக்கும் அதை ஆடக் கூப்பிடுகிறார்கள். ஆனால் காட்டில் கற்கும் நாட்களைக் குறைப்பது என் கையிலுள்ள வருகைப் பதிவேடுதான் என்ற எண்ணம் இரவில் தூங்கவிடுவதில்லை.

ஜூலை 26
பாதிக் களி மீந்து வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 27
இன்றும் பாதி.

ஜூலை 29
ஓரத்தில் விரல் தடம் இருக்கிறது!

ஆகஸ்ட் 2
மாகிஷிகளில் ஒருவரான ப்வெவோ வந்தார். நல்ல பெண்ணுக்கு இலக்கணமான உரு. நாரில் பின்னிய கூந்தல். ஆடுவது யார் என்று நான் கேட்கவில்லை. அவள் கைதட்டிப் பாடினாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 5
காட்டுப் பக்கம் புகை எழுகிறது. குடிலை எரிக்கிறார்கள்; நாளை காலை பிள்ளைகள் ஊருக்குள் வருவார்கள். அவள் வட்டிலைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இனி அவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டேன்.

“புதுப் பெயரை அவனே வந்து சொல்லட்டும் டீச்சர்.”