அறுபது லிட்டரில் ஆறு மீன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு முன்னறையில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்தபோது, நான்கு வாரம் மீனில்லாமல் ஓடவிட்டேன். அதுவரை சரி. அப்புறம் ஒரே சனிக்கிழமையில் ஆறு மீன் வாங்கிவிட்டேன்: இரண்டு கோமாளி மீன், மூன்று குரோமிஸ், கட்டைவிரல் அளவில் ஒரு நீல டாங். அந்த டாங் 30 செ.மீ. வரை வளரும் என்று கடையில் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுவது கல்லிடுக்கில் வாழும் பாக்டீரியா. கிடைக்கும் கழிவுக்கு ஏற்பத்தான் அது பெருகும். திடீரென்று ஆறு வாய் வந்தால் திணறும். கடல்நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8.2 அளவில், காரப்பக்கமாக இருப்பதால், அதே அம்மோனியா இங்கே நன்னீரைவிடக் கொடியது.

அதோடு 2023இன் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. பம்பு நின்றால், நெரிசலான தொட்டியில் ஆக்சிஜன் மளமளவென்று குறையும். இருட்டில் என் ஆயா (பாட்டி) குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். "ஏன்டா, ஒரே அறையில் எத்தனை குடும்பத்தைக் குடிவைப்பாய்?" என்று திட்டு வேறு. விடிவதற்குள் மூன்று குரோமிஸும் போய்விட்டன.

டாங்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பாதி விலைகூடத் தரவில்லை, போகட்டும். இப்போது கோமாளிகள் இரண்டும், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும்தான். ஒரு சின்ன கோபி மீன்மேல் கண் இருக்கிறது. அம்மோனியா சோதனை மாதம் முழுக்கப் பூஜ்யம் காட்டினால் வாங்குவேன். ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை.