ஐந்து கிலோமீட்டர் வட்டம்

சென்னை பெசன்ட் நகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மையம் வைத்து, முதியவர்களுக்கு வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிக்கிறோம். நேர்கோட்டுத் தூரம் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் பயணக் கட்டணம் கிடையாது, தாண்டினால் உண்டு. வாரத்தில் பல நாள் ஆள் போக வேண்டிய வீட்டில் இந்த ஒரு கோடு மாதச் செலவையே மாற்றிவிடும்.

முன்பு ஒருவர் தயாரித்துத் தந்திருந்த வரைபடத்தில், ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் ஒரு வீடு கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தது. "ஐந்துக்குள்தானே சார் வருகிறது, எதற்குக் கட்டணம்?" என்று அந்த வீட்டுப் பெரியவரின் மகள் கேட்டார். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.92 வந்தது. அவர் சொன்னதுதான் சரி. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரைபடத்தை முதலிலிருந்து போட உட்கார்ந்தேன்.

இப்படிப் பிழை நுழைவது எளிது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்க்கேட்டர் என்ற முறையில் பூமியைத் தட்டையாக்கிக் காட்டுகின்றன. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அதில் எல்லாம் பெரிதாகும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் இங்கே மிகை சுமார் 2.6 சதவீதம். அந்தத் தளத்தில் 5,000 மீட்டர் கொடுத்து வட்டம் போட்டால் தரையில் கிடைப்பது 4,870 மீட்டர் அளவுதான். மயிலாப்பூரில் 130 மீட்டருக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கும் என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வேலையைச் செய்தேன். மையத்தின் புள்ளியை முதலில், பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். குறியீட்டு எண் 32644. சென்னைக்கு உரிய மண்டலம் அதுதான், அளவும் மீட்டரிலேயே இருக்கும். மாற்றாமல் விட்டால் மென்பொருள் தூரத்தை டிகிரியில் கேட்கும். அங்கே 5 என்று தட்டினால் பெங்களூரையும் தாண்டிப் போகும் வட்டம் வந்து நிற்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றிக் கொடுத்த தூரத்துக்கு எல்லை போடும் பஃபர் கருவி வரைவது உண்மையான வட்டம் அல்ல, பலகோணம். கால் வட்டத்துக்கு 5 துண்டு என்பதே அதில் முன்னிருப்பு. அப்படியே விட்டால் மொத்தம் 20 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு 60 மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். 36 என்று மாற்றினேன். குறை ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. பிறகு விளிம்பில் நான்கு திசைகளிலும் புள்ளி எடுத்துத் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்தேன்.

வீட்டின் இடத்தைப் பின்கோடு வைத்துக் குறிக்கவே கூடாது. 600020 என்றால் அடையாறு வட்டாரத்தின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். வீட்டு வாசலில் நின்று லொகேஷன் அனுப்பச் சொல்கிறோம்.

வட்டம் சரியானதும் வேறொரு கேள்வி எழுந்தது. அதன் பரப்பு 78.5 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வங்கக் கடல். மிச்ச நிலத்தை அடையாறு நதி வெட்டுகிறது. மேற்கே கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் குறுக்கே நிற்கின்றன. சீனிவாசபுரத்தில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாவைப் பார்க்க எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஸ்கூட்டரில் போகிறார். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் ஊரூர் குப்பம், அந்தப் பக்கம் சீனிவாசபுரம். கரையில் நின்றால் எதிர்க்கரை வீடுகள் தெரியும். இடையில் இருந்த பாலம்தான் உடைந்து கிடக்கிறது. அவர் அடையாறு சிக்னல் வந்து, திரு.வி.க. பாலம் ஏறி, பட்டினப்பாக்கம் வழியாகத் திரும்பக் கிழக்கே வர வேண்டும். மாலை நேரத்தில் அந்தப் பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

சாலைத் தூரத்தை வைத்தே கட்டணம் போடலாம் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாலம் உடைந்ததற்கு அந்த அம்மா ஏன் பணம் கட்ட வேண்டும்? அதே நேரம், பிசியோதெரபிஸ்டின் பயண நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் அட்டவணை போடுவதும் அநியாயம். ஆகவே இரண்டையும் பிரித்துவிட்டோம். கட்டணத்துக்கு வட்டம், குடும்பத்தினர் யாரும் தாங்களே அளந்து பார்த்துக் கேட்கலாம். நேர ஒதுக்கீட்டுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலைகளை வைத்து வரைந்த பயண நேர எல்லை. சீனிவாசபுரத்துக்கு முன்னும் பின்னும் இப்போது கூடுதல் இடைவெளி விட்டிருக்கிறோம்.

இந்த இரண்டாவது வரைபடம் நிலையாக நிற்பதில்லை. மெட்ரோ பணிக்காகச் சாலைகளைத் திருப்பிவிடும்போது அடையாறு பக்கம் நேரம் எல்லாம் மாறிவிடுகிறது. அப்போது மென்பொருள் சொல்வதை ஒதுக்கிவிட்டு, அன்று போய் வந்தவர்களிடம் கேட்டு எண்களைத் திருத்துகிறேன்.