கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போய் கேமரா மெனுவைத் திருத்திய கதை

கோத்தகிரிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வெளியே மூடுபனி, வீட்டுக்குள்ளே ஒற்றை டியூப்லைட், ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றாமல் எடுக்கவே முடியாது. அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் படுகர் கல்யாணத்தின் வெள்ளை உடுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக மொய்த்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. அதற்காகவே டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டுடியோ பதிப்பை 295 டாலருக்கு வாங்கினேன் (ஒரே தடவைக் காசு, அதனால் மனசு ஆறியது).

கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி மெமரி. 4கே டைம்லைனில் (பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளியைத் துடைக்கும்) டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டதுமே மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடும். அது போதாதென்று, எந்த எஃபெக்டும் போடாத வெறும் கிளிப்பும் இழுத்து இழுத்துத்தான் ஓடும். இரண்டுக்கும் ஒரே மருந்து புதுக் கார்டு என்று நினைத்துக் கோயம்புத்தூருக்கு இறங்கினேன்.

கடைக்கார அண்ணன் ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்து வைத்தார். "115 வாட்தான் தம்பி, கரண்டு தின்னாது." பொய்யில்லை. ஆனால் 8 ஜிபி என்றதும் யோசனை வந்தது, சரி, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கிளிப்பை ஓடவிட்டேன். சிபியு 100ஐத் தொட்டு நிற்கிறது, கார்டின் 'வீடியோ டிகோட்' கோடு, அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் வேலையைக் காட்டுவது, அசையவே இல்லை. குற்றம் ஃபைலில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டிருந்தது 4:2:2 10 பிட், அதாவது நிற விவரத்தை அதிகமாகச் சேமிக்கும் முறை. என்விடியாவில் 4:2:2வைக் கார்டே டிகோட் செய்யும் வசதி 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அந்த 4060ஐத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் இதே இழுவைதான். இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) 4:2:2வுக்கு சிபியுவின் உள் கிராபிக்ஸே கைகொடுக்கும். என்னுடையது 10ஆம் தலைமுறை, அதிர்ஷ்டம் அப்படி.

கேமரா மெனுவுக்குள் போய் எச்.265, 4:2:0 (நிற விவரம் குறைவு), 10 பிட் என்று மாற்றினேன். பழைய 1650யே வழுக்கிக்கொண்டு ஓட்டியது! ஒரு பைசா செலவில்லை. நிறத்தில் நஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கிரீன் ஸ்கிரீன் வேலை செய்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் இதுவரை ஒரு மாமாவும் கண்டுபிடிக்கவில்லை.

மிச்சம் மெமரி ஒன்றுதான். அந்தக் கணக்கில் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, என் பழைய மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பு 3.0 பதிப்பு, அதில் 4060க்கு 8 லேன் (டேட்டா போகும் பாதை)தான், 3060க்கு 16, அதனால் பழைய போர்டில் இதற்குத்தான் மூச்சு முட்டாது. விற்றவர் வீட்டிலேயே அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டி, ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் காசு எண்ணினேன். சங்கடப்பட்டால் ஏமாந்துவிடுவோம்.

4:2:2வை விடவே முடியாது, மெமரியும் வேண்டும் என்பவர்களுக்கு 5060 டிஐ 16 ஜிபி இருக்கிறது. நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. 3060 இழுப்பது 170 வாட், பழைய 1650 வெறும் 75. எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியை) 550 வாட்டுக்கு மாற்றிவிட்டேன், யூபிஎஸ்ஸை மறந்தேன். போன வார மழையில் ரெண்டர் பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. யூபிஎஸ் ஒரே ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது.