கிளிவ்டன்: எரிந்த வீட்டின் மேடையில் எழுந்த மாளிகை

இலண்டனுக்கு மேற்கே, பக்கிங்கம்ஷையரில், தேம்ஸ் ஆற்றை நோக்கிய மேட்டில் நிற்கிறது கிளிவ்டன். முன்வாசலில் நுழையாமல், நான் முதலில் வீட்டைச் சுற்றித் தெற்குப் பக்கம் போனேன். இந்தக் கட்டடத்தை அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே, வளைவுகள் வரிசையாக அமைந்த நீண்ட செங்கல் மேடை ஒன்று தரையிலிருந்து எழுகிறது. அது 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பக்கிங்கம் கோமகனுக்காக வில்லியம் விண்ட் கட்டிய முதல் மாளிகையின் மேடை. அந்த மாளிகை 1795இல் எரிந்தது. அதன் இடத்தில் பிறகு எழுந்த வீடும் 1849இல், சதர்லண்ட் கோமகன் அதை வாங்கிய சில மாதங்களிலேயே, எரிந்துபோனது. மூன்றாவது முறையாக, 1851இல், கட்டடக் கலைஞர் சார்லஸ் பேரி அதே மேடையின்மேல் இத்தாலிய வில்லாவின் சாயலில் மூன்று தளங்களை எழுப்பினார். இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் கூரான கோதிக் பாணியைக் கையாண்டவர், இங்கே அரைத்தூண்களையும், உச்சியில் கைப்பிடிச் சுவர் ஓடும் தட்டையான கூரையையும் தேர்ந்தார். தூரத்திலிருந்து கல்லாகத் தோன்றும் சுவர்கள் ரோமன் சிமெண்ட் என்ற ஒருவகைச் சாந்து பூசப்பட்டவை. தூண்தலைப்புகள் போன்ற அலங்காரங்களில் பல சுடுமண்ணால் ஆனவை. அருகில் போய்ப் பார்த்தபோதும் அவற்றின் மேலிருந்த மதிப்பு எனக்குக் குறையவில்லை. பழைய மேடையின் அகலத்துக்கும் கனத்துக்கும் ஏற்ப மேல் தளங்களை அளந்து நிறுத்திய நிதானமே இந்த முகப்பின் அழகு. மேல்விளிம்பைச் சுற்றி, வீட்டின் வரலாற்றைக் கூறும் இலத்தீன் வாசகம் ஓடுகிறது. அதை இயற்றியவர், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன்.

உள்ளே விக்டோரியா காலத்தின் தொடக்க அலங்காரத்தைத் தேடிப் போகிறவர்கள் மாடிப்படியின் விதானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். சதர்லண்ட் கோமகனின் பிள்ளைகளை நான்கு பருவங்களாகத் தீட்டிய அந்த ஓவியம் மட்டுமே பேரி காலத்து உட்புறத்தில் எஞ்சியது. மற்றவை, 1893இல் வீட்டை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டருக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் லஃப்பரோ பியர்சன் மாற்றியமைத்தவை: ஓக் பலகை பதித்த பெரிய கூடம், கம்பங்களில் இவ்வீட்டோடு தொடர்புடைய மனிதர்களின் உருவங்களைச் செதுக்கிய மரப்படி. பாரிசுக்கு அருகிலுள்ள ஆனியேர் மாளிகையிலிருந்து கொண்டுவந்த சுவர்ப்பலகைகளால் அமைந்த பிரெஞ்சு உணவறை மிக நேர்த்தியானதுதான். ஆனால் அது வேறொரு வீட்டின் அறை என்ற உணர்வு எனக்குக் கடைசிவரை விலகவில்லை.

1942இல், பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்ட கிளிவ்டன், 1985 முதல் ஹோட்டலாக இயங்குகிறது. கூடத்தை வரவேற்பு மேசைகளால் துண்டாக்காமல், விருந்தினர் கணப்பருகே அமரும் இடமாகவே விட்டிருப்பது எனக்கு நிறைவளித்தது.

திரும்பும்போது, வீட்டின் அருகே ஹென்றி கிளட்டன் 1861இல் கட்டிய 100 அடி உயர மணிக்கூண்டின் கீழ் வெகுநேரம் நின்றேன். பொன்முலாம் பூசிய சிலையைத் தலையில் தாங்கி, பாதி திறந்த படிக்கட்டு சுழன்றேறும் அக்கோபுரம் உண்மையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்கு இன்றும் தண்ணீர் அங்கிருந்தே வருகிறது.