மாடியில் ஆறு மணி பேட்ச்

அக்டோபர் 21, 2024, திங்கள்

சொல்லிவிட்டேன். தீபாவளியோடு நின்றுகொள்கிறேன் என்று. ஜிம் ஓனர் போனிலிருந்து தலையை எடுக்காமலே, "கஸ்டமர் யாரையும் இழுத்துக்கிட்டுப் போவக் கூடாது" என்றார். பாண்டியில் ஏசி ஹாலில் டிரெட்மில் ஓடுகிறவர்கள், நான் க்ளாஸ் நடத்தப்போகிற மஞ்சக்குப்பத்துத் தகரக் கொட்டகை மாடிக்கு எதற்கு வரப்போகிறார்கள்.

பஸ்ஸில் இடமில்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று கடலூர் வரைக்கும் நின்றே வந்தேன். முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 23

ஜிப்மர். கபடி மாஸ்டருக்குப் பக்கவாதத்தில் வந்த வாய்க்கோணல் குறைந்திருக்கிறது. இடது கை மட்டும் மடியில் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டுப் பார்த்திருப்பார்களாம். ராத்திரி கை மரத்துப்போனதை வாயு என்று நினைத்து, பூண்டு தட்டிக் கொடுத்து, விடியட்டும் என்று படுக்கவைத்திருக்கிறார்கள். இதை அவர் மகள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிசியோ ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சு பந்து கொடுத்திருக்கிறார், அமுக்கச் சொல்லி. மாஸ்டர் அதைப் பார்க்கிற பார்வை! பந்து வைத்து ஆடுகிறவனை ஆளாகவே மதிக்காத மனுஷன்.

என்னைப் பார்த்ததும் "கார்னரு" என்றார். மகள் பதறி, "பேரு மறந்துட்டாருக்கா" என்றாள். கபடியில் நான் நின்ற இடம் அது. அவர் என் பேரை எப்போது சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 26, சனி

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். பிரஸ்காரர், "ஜூம்பான்னு போடுங்க மேடம், அப்பதான் வருவாங்க" என்கிறார். அது ஒரு கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கிற பேர், லைசென்ஸ் எடுத்தவர்கள்தான் போடலாம் என்றேன். "இங்க யாரு வந்து கேக்கப்போறா?" கடைசியில் 'பெண்களுக்கான குழு உடற்பயிற்சி, காலை 6, மாலை 5.30' என்று போட்டோம். படிக்க ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது.

ஓரத்தில் அவரே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைச் சேர்த்திருந்தார். எடுக்கச் சொன்னேன். காலியாக இருக்கிறதே என்று தாமரைப்பூ வைத்தார். கட்சி நோட்டீஸ் ஆகிவிடும் என்று அதையும் எடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 31

வெடிச்சத்தம். நாளையிலிருந்து சம்பளம் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

ஏழு பேர். இருபது பாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

பாண்டி ஜிம்மில் சுவர் முழுக்கக் கண்ணாடி. முதுகைக் காட்டிக்கொண்டு செய்தால் போதும். இங்கே முகத்துக்கு முகம். நான் வலது கையைத் தூக்கினால் அவர்கள் தங்களுக்கு எதிரே இருக்கிற கையைத் தூக்குவார்கள், அதாவது இடது. அதனால் வாய் "வலது" என்று சொல்லும்போது என் உடம்பு இடது பக்கம் போக வேண்டும். ராத்திரி முழுக்க சமையலறையில் இதைப் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். இன்னொன்று, அடுத்த அசைவை எட்டு எண்ணி முடிந்ததும் சொன்னால் தாமதம். நாலிலேயே சொல்லிவிட வேண்டும். பாட்டு முப்பத்திரண்டு தாளத்துக்கு ஒருமுறை மடங்கி வரும், அந்த மடிப்பில் மாற்றினால்தான் கால் தட்டாது.

கபடியில் பாடி வருகிறவளின் இடுப்பைத்தான் பார்ப்பேன். கண் பொய் சொல்லும், கால் பொய் சொல்லும், இடுப்புக்கு அது வராது. இங்கேயும் பழக்கதோஷத்தில் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கணும். பேச முடிந்தால் சரியான வேகம். பாட முடிந்தால் போதாது. ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு விடாமல் 'கபடி கபடி' பாடி வளர்ந்தவள் வாயில் இந்தப் பாடம். சொல்லி முடிப்பதற்குள் பேங்க் அக்கா, "அப்ப பேசலாமா?" என்றார். பிறகு நிறுத்தவே இல்லை.

நவம்பர் 5

ஐந்து பேர்.

நவம்பர் 7

சூரசம்ஹாரம். விரதத்தில் சிலர் வரவில்லை. ஒரு அக்கா விரதத்தோடும் சுகர் மாத்திரையோடும் வந்திருக்கிறார். பத்தே நிமிடத்தில் கை நடுங்குகிறது, வேர்வை வேறு மாதிரி. கீழ் வீட்டில் சர்க்கரை வாங்கி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தெளிந்ததும் முதல் வார்த்தை, "விரதம் போச்சே." முருகன் ஒன்றும் நினைக்கமாட்டார் என்றேன், அவரிடம் கேட்டுவிட்டு வந்தவள் மாதிரி.

குளுக்கோமீட்டர் வாங்கணும். வாடகை 6,000. ஆளுக்கு 700.

நவம்பர் 9, சனி

அண்ணா ஸ்டேடியம் வழியாக வந்தேன். கம்பி வேலிக்கு உள்ளே குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஏதோ செலக்ஷன். வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டேன்.

எங்கள் நாளில் மாஸ்டர் இரண்டு ரவுண்டு ஓடவிட்டு, பிறகு தரையில் காலாலேயே ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் நாளைக்கு வரலாம், அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிக்கலாம். அவ்வளவுதான், திட்டு கிடையாது, ஆறுதல் கிடையாது. நான் எப்போதும் இந்தப் பக்கம். வீட்டில் கேட்டால் சர்டிபிகேட் என்பேன். அம்மாவுக்கு சர்டிபிகேட் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, கோட்டா என்றால் போலீஸ் இல்லை ரயில்வே. கோட்டா எத்தனை சதவீதம் என்ற எண்ணை அம்மா ராசிபலன் போல மனப்பாடமாக வைத்திருந்தாள். என்னோடு ரைட் கார்னர் நின்றவள் இன்றைக்கு காக்கி போட்டுக்கொண்டு பைக்கில் போகிறாள், பார்த்தால் ஹாரன் அடிப்பாள்.

அந்தப் பக்கம் போனவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு பேர்! ஒவ்வொரு வருஷமும் வந்தார்கள், ஷூ இல்லாமல், அக்காவின் பள்ளி ஷூவில் பேப்பர் திணித்துக்கொண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்த கண், அவர்களை ஒரே பார்வையில் தள்ளிவிடுகிற கண். ஓட்டத்தில் கை மார்புக்குக் குறுக்கே வருகிறதா, தள்ளு. திரும்பும்போது குதிகாலில் நிற்கிறாளா, தள்ளு. அந்தக் கண்ணோடு மாடியில் நின்றால் அங்கே இருக்கிற அத்தனை பேரையும் முதல் ரவுண்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். குதிகாலில் திரும்பாதவர் ஒருத்தர் இல்லை.

அனுப்பிவிட்டால் வாடகை யார் தருவது என்பதும் உண்டு.

நவம்பர் 12

மழை. யாரும் வரவில்லை. பாயெல்லாம் ஈரவாடை.

நவம்பர் 15, வெள்ளி

ஜம்பிங் ஜாக் என்று சொன்னாலே வாசலோரத்து அக்கா ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுகிறார். இன்றைக்கு அவர் போட்டிருந்த ஷூவுக்கு லேஸே இல்லை.

எல்லாரும் போன பிறகு படியில் நின்று, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று பிரசவம். குதித்தால் அடங்குவதில்லை. தும்மினால்கூட. "கடைசிப் பையன் காலேஜ் போறான், இன்னும் இப்பிடி." டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். இதுக்குமா டாக்டர் என்றார்.

இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில் போல் ஒரு தசை இருக்கிறது, மற்ற தசை போலத்தான் அதுவும், பழக்கினால் பிடிக்கும். மூச்சை விடும்போது உள்ளே மேல்நோக்கி இழுத்து, ஐந்து எண்ணி, முழுசாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பாதி வேலை. பெண் டாக்டர் ஒருத்தரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிரசவம் பார்க்காத உடம்புக்கும் இது உண்டு என்று அவருக்குச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் எங்களில் சிலர் கறுப்பு ஷார்ட்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது அதற்காகத்தான். மாஸ்டரிடம் யார் போய்ச் சொல்வது. ஸ்டைல் பண்றீங்களாடி என்பார்.

ஒருத்தருக்கு மட்டும் மாற்றினால் ஏன் என்ற கேள்வி வரும். எல்லாருக்கும் குதியை எடுத்துவிட்டேன். பக்கவாட்டில் ஒரு கால், கை மேலே.

நவம்பர் 16

"இன்னைக்கு வேர்க்கவே இல்லியே" என்றார் பேங்க் அக்கா. எல்லாரையும் பாதி உட்கார்ந்த நிலையில் நிறுத்தி முப்பது எண்ணினேன். ஒரு ரெய்டு நேரம். இருபதிலேயே என் குலத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

வாசலோரத்து அக்கா ஒரு பாய் முன்னால் வந்திருக்கிறார்.

நவம்பர் 19

பதினொன்று!

நவம்பர் 23, சனி

மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். பிசியோ எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நான் செய்ய வைக்கிறேன். சுவரில் விரலால் நடந்து ஏறணும். நான் திரும்பினால் வலது கையால் இடது கையைத் தூக்கிவிட்டு, ஏறிவிட்டது என்கிறார்.

"ஃபவுல் மாஸ்டர்."

சிரிப்பு ஒரு பக்கம்தான் வருகிறது.

"எத்தினி பேரு வராங்க?" "பதினொண்ணு." "ஏழு இருந்தா டீமு. மீதி எதுக்கு?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார். யாரோடு மேட்ச், எப்போ, ஜெயித்தால் என்ன. ஒன்றுமில்லை மாஸ்டர், நாளைக்கும் அதே பதினொண்ணு வரணும், அவ்வளவுதான் என்றேன். அவர் பந்தை உருட்டிவிட்டார். எனக்கும் எரிச்சல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். உங்கள் கோட்டில் நின்றவர்களில் முட்டி உள்பக்கம் மடங்கி, 'டப்' என்று சத்தம் கேட்டு, தொடைத் தசைநாரை வெட்டி எடுத்து முட்டிக்குள் கட்டிக்கொண்டவளும் ஒருத்தி. அன்றைக்கு அந்தப் பக்கம் போய்ப் படித்திருந்தால்?

ஆனால் பிடி. அந்தப் பிடி விழுகிற நொடி. ஏழு பேரும் ஒரே மூச்சில் மேலே விழுவது. அது மாடியில் கிடைக்காது. பாட்டு முடிகிறது, பாயைச் சுருட்டுகிறார்கள், இட்லிக்கு அரைக்கணும் என்கிறார்கள்.

நவம்பர் 29

புயலுக்குப் பேர் ஃபெஞ்சல். தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டினோம். வீட்டுக்காரர், "தானேல பறந்தது மூணாவது தெருவுல கெடந்துது" என்று தைரியம் சொல்கிறார். 2011இல் வந்த தானே புயல்.

நவம்பர் 30, சனி

காற்று. கரண்ட் இல்லை. பாண்டிப் பக்கம்தான் கரை கடக்கிறது என்கிறார்கள்.

டிசம்பர் 1

தகரம் இரண்டு ஷீட் போனது. பாய் மொத்தமும் நனைந்துவிட்டது. பாண்டியில் ஒரு நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழையாம். நம்ப முடியவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையிலிருந்து ராத்திரி ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலே திறந்துவிட்டார்கள். மாஸ்டர் வீடு பெண்ணையாற்றுப் பக்கம். காலையில் போன் போகவில்லை. போய்ச் சேர்ந்தபோது திண்ணை வரை தண்ணீர், கட்டில் காலுக்குக் கீழே செங்கல். மகளும் பேரனும் நானும்தான். எதிர் மாடிவீட்டுக்கு அவரை ஏற்ற வேண்டும். ஆளைத் தரையில் சாய்க்கத்தான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. சாய்ப்பதைத் தலைகீழாகச் செய்தேன். தொடைக்குக் கீழே கை, தோள் அவர் வயிற்றில், பாதம் அகட்டி. படியில் பாதியில் என் காதுக்குப் பக்கத்தில், "இடுப்ப எறக்குடி" என்றார்.

இறக்கினேன். ஏறிவிட்டோம்.

டிசம்பர் 3

முட்டி வீங்கியிருக்கிறது.

டிசம்பர் 4

இன்னும்.

டிசம்பர் 6

குரூப்பில், "க்ளாஸ் எப்போ மேடம்?" என்று ஒருத்தர். அதற்கு இன்னொருத்தர், "சேறு வாரிக்கினே இருக்கேன், இதவிட என்னா எக்சர்சைஸு." சிரித்த பொம்மைகள் வரிசையாக. சேறு வாரும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குனியுங்கள் என்று எழுதினேன். எழுதும்போது என் கால் தலையணை மேல், ஐஸ் கட்டியோடு.

சத்தம் கேட்டதா இல்லையா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். படியில், அவரை இறக்கி வைத்தபோது. தண்ணீர்ச் சத்தம் அதிகம். அவரைக் கேட்டால் தெரியும், அவர் காதுக்கு அது தப்பாது. கேட்கமாட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஷீட் இல்லாத மாடி, மேலே வானம். எட்டுப் பேர். நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மட்டும் நடத்தினேன். செய்து காட்ட ஆள் வேண்டுமே. பேங்க் அக்கா தானாக முன்னால் வந்து நின்றார், மற்றவர்களைப் பார்த்து. நான் "வலது" என்றதும் அவர் தன் வலதைத் தூக்க, வரிசை பாதி ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம். ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதி, வாசலோரத்து அக்கா சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

டிசம்பர் 11

ஸ்கேன் திங்கட்கிழமை. ஷீட்காரர் பாதி அட்வான்ஸ் கேட்கிறார். மறுபடி மழை என்கிறார்கள். நாளைக்கு மாடி வேண்டாம், தரைத்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். காரை எடுக்க மாட்டாராம். காரைச் சுற்றி எட்டுப் பேரை எப்படி நிறுத்துவது என்று தாளில் போட்டுப் பார்க்கிறேன். பானட் பக்கம் மூன்று, டிக்கி பக்கம் மூன்று, மீதி இரண்டு பேர்