மனநல வார்டில் சேர்ப்பதற்கு முன் கவுண்டரில் கேட்க வேண்டியவை

மனநல வார்டு பில்லில் ஆபரேஷனுக்குச் சொல்வதுபோல ஒரே தொகை கிடையாது. எல்லாம் நாள் கணக்கு. "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் எந்த கவுண்டரிலும் உருப்படியான பதில் வராது. ஒரு நாளைக்கு எவ்வளவு, அந்தத் தொகையில் எதெல்லாம் சேராது, எத்தனை நாள் இருக்க வேண்டிவரும் என்று பிரித்துக் கேளுங்கள். முதல் இரண்டும் பில்லிங் ஆள் சொல்ல வேண்டியவை. மூன்றாவதை டாக்டரிடம்தான் கேட்க முடியும். கேட்காமல் அட்வான்ஸ் கட்டிவிட்டு நாலாம் நாள் இடைக்கால பில்லைப் பார்த்து மலைப்பவர்கள்தான் அதிகம்.

அறை வாடகையில் பெரும்பாலும் சேராதவை இவை: டாக்டர் விசிட், நர்சிங், ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., சைக்காலஜிஸ்ட் எடுக்கும் டெஸ்ட், மருந்து, கூட இருப்பவரின் சாப்பாடு. பலர் கவனிக்காத இன்னொன்று அட்டெண்டர் சார்ஜ். வீட்டு ஆள் ஒருவர் இரவும் பகலும் கூடவே இருக்க வேண்டும் என்பார்கள். யாராலும் முடியாதென்றால் மருத்துவமனையே ஆள் போடும். ஷிப்டு கணக்கு என்பதால் இரவும் சேர்ந்தால் இரட்டிப்பு. இன்சூரன்ஸ் பொதுவாகத் தராத செலவுகளின் பட்டியலில் இது இருக்கிறது. வீட்டில் முறைவைத்து மாறிமாறி இருக்க முடியுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

மின்னதிர்வு சிகிச்சை, அதாவது இ.சி.டி., சொல்லப்பட்டால் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வழக்கமாக 6 முதல் 12 தடவை, வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து டாக்டரின் கட்டணம் வரும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதிக்கிறது. எனவே அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச இடமில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கப்படும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அளவு பார்ப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. காலையில் மாத்திரை கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் ரிசல்ட் பயன்படாது, மறுபடி எடுக்க வேண்டும், பில்லில் இரண்டு தடவை ஏறும். மனச்சிதைவுக்கான குளோசபின் மாத்திரை ஆரம்பித்தால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிறகும் தொடரும் செலவு அது.

அரசு வழியை முதலில் பார்த்துவிடுவது நல்லது. புதுச்சேரிப் பக்கம் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி; கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, கையில் அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை இலவசம் என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே கையைக் கடிப்பது பில் அல்ல. கூட இருப்பவருக்குப் போகும் நாள் கூலியும் பஸ், சாப்பாடும்தான்.

கடலூர்க்காரர்களுக்கு எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி அரை மணிப் பயணம்தான், ஆனால் அங்கே ஆட்சி வேறு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை) கையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டுபவர்கள் சேர்வதற்கு முன்பே திட்ட கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு இந்த அட்டை செல்லுமா?" அங்கீகாரம் மருத்துவமனைக்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவு பிரிவாகத்தான். எலும்புக்குச் செல்லும் அட்டை அதே கட்டிடத்தில் மனநலத்துக்குச் செல்லாமல் போகலாம். முன் அனுமதி, நோயாளி உள்ளே இருக்கும்போதே வாங்க வேண்டும். பணம் கட்டி வெளியே வந்துவிட்டு அட்டையை நீட்டினால் திரும்பக் கிடைக்காது.

தனியார் இன்சூரன்ஸ் இருக்கிறவர்களுக்கு: உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. 2022 அக்டோபர் 31க்குள் எல்லா பாலிசியும் இதற்கு இணங்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. ஆகவே "சைக்கியாட்ரிக்குக் கிடையாது" என்று போனில் யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது. ஆனால் வேறு வாசல்கள் வழியாக மறுப்பு வரும். "கண்காணிப்புக்கும் பரிசோதனைக்கும் மட்டும் சேர்க்கப்பட்டார்" என்பது, பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் பட்டியலில் விலக்கு எண் 4. "ஓய்வு, மறுவாழ்வு" என்பது 5. "மது, போதை" என்பது 12.

மூன்றுக்கும் தீனி போடுவது டிஸ்சார்ஜ் சம்மரிதான். "கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்" என்ற ஒரு வரி போதும். ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை, தூக்கமில்லை, உயிருக்கு ஆபத்து இருந்தது, ஊசி மருந்து தேவைப்பட்டது என்று நடந்தது எல்லாம் சம்மரியில் இருக்க வேண்டும். எஃப் 20 (மனச்சிதைவு), எஃப் 31 (இருதுருவ மனநோய்) போன்ற நோய்க் குறியீடும் இருக்க வேண்டும். குடிப்பழக்கம் உண்டென்றால் மறைக்கச் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். முதன்மை நோய் எது, எதற்காகச் சேர்த்தோம் என்பதைத் தெளிவாக எழுதும்படி டாக்டரைக் கேட்கலாம். டைப் ஆவதற்கு முன் கேட்க வேண்டும். டைப் ஆகி முத்திரை விழுந்தபின் திருத்தினால் அதுவே சந்தேகமாகிவிடும்.

அறை வாடகை வரம்பில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது. பாலிசி 3 லட்சம், வாடகை வரம்பு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வையுங்கள். 4,500 ரூபாய் அறையில் 14 நாள். வாடகை 63,000, டாக்டரும் நர்சிங்கும் 30,000, மருந்தும் பரிசோதனையும் 12,000, ஆக 1,05,000. வாடகை வித்தியாசமான 21,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். ஆனால் பாலிசியில் விகிதக் கழிவு இருந்தால் டாக்டர், நர்சிங் செலவிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். வாடகைக்கு 42,000, அதற்கு 20,000, மருந்து, பரிசோதனைக்கு மட்டும் முழு 12,000. வருவது 74,000, கைச்செலவு 31,000. சின்ன அறையே போதும் என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

சேர்க்கைப் படிவத்துக்கும் பணத்துக்கும் சம்பந்தம் உண்டு. நோயாளியே சம்மதித்துச் சேர்ந்தால் அதே மனநலச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில், அவருடைய நியமனப் பிரதிநிதி (சட்டப்படி அவர் சார்பில் பேசுபவர்) விண்ணப்பித்தால் 89ஆம் பிரிவு. அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பில்லில் இரண்டு ஆலோசனைக் கட்டணம் இருந்தால் பதற வேண்டாம். 89இல் உச்சம் 30 நாள். அதற்கு மேல் 90ஆம் பிரிவு, மறுபடி இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும். 25ஆம் நாள் வாக்கில் "அடுத்து என்ன திட்டம்" என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று கேஷ்லெஸ் இறுதி அனுமதிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 3 மணி நேரம்தான் கெடு. ஆனால் அந்த 3 மணி, மருத்துவமனையின் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். பார்மசி கணக்கு முடியாமல் கோரிக்கை போகாது. முந்தின நாள் மாலையே மீந்த மாத்திரை அட்டைகளை நர்ஸ் மூலம் திருப்பிக் கொடுங்கள், அந்தப் பணமும் பில்லில் கழியும்.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், அதாவது புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் அதே அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒரிஜினல்களைக் கம்பெனிக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும், பஸ் டிக்கெட் அளவுள்ள பார்மசி ரசீது உட்பட, ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். வெப்பக் காகித ரசீது சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும்.