சிவப்பு மையில் ஒரு வினைச்சொல்

ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவுக்காரர் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஸ்பானிஷா? அதை வச்சுக்கிட்டு என்ன வேலை பாக்குற?" அந்த வேலையில்தான் இருபத்து மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில், பாதாம் தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழியும், 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியமும் நடத்துகிறேன்.

செமஸ்டருக்கு நாலு வகுப்பு என்றால் அதில் மூன்று மொழி வகுப்பு. இலக்கிய வகுப்பு ஒன்றே ஒன்று, அதுவும் பத்துப் பேர் சேர்ந்தால்தான். ஆனால் எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் இலக்கிய வகுப்பை 'என் வகுப்பு' என்பார்கள். மொழி வகுப்புக்குப் பெயர் 'சுமை'. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொழி வகுப்பில் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. காபி பிடிக்கும் என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகள் இதில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். 'நான்' எங்கே போனது என்று தேடுவார்கள். நமக்குத் தேட ஒன்றுமில்லை. 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். அதே மாதிரி 'உஸ்தேத்' என்ற மரியாதைச் சொல். 'வுவெஸ்ட்ரா மெர்சேத்' ('தங்கள் கருணை') என்று நீட்டி முழக்கியது வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. செர்வாந்தெஸின் 'தொன் கிஹோத்தே' நாவலில் வேலைக்காரன் சாஞ்சோ தன் எஜமான் தொன் கிஹோத்தேயை 'வுவெஸ்ட்ரா மெர்சேத்' என்றுதான் அழைக்கிறான். எஜமானிடமிருந்து அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் 'நீ'. நீயும் நீங்களுமாக வளர்ந்த எனக்கு இது காதில் உடனே விழும். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் படித்தவர்களுக்கு விழுவது கஷ்டம்.

இலக்கிய வகுப்பை நான் எப்போதும் 'லாஸரில்யோ தெ தோர்மெஸ்' என்ற சின்னப் புத்தகத்தில்தான் தொடங்குவேன். 1554இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. ஐந்தே வருஷத்தில் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்தின் தடைப் பட்டியலில் ஏறியது. 1992இல் ஸ்பெயினில் பார்கரோத்தா என்ற ஊரில் ஒரு வீட்டைப் பழுதுபார்த்தபோது, சுவருக்குள் ஒளித்து வைத்த புத்தகங்களோடு அதன் 1554 பதிப்பு ஒன்றும் கிடைத்தது. கதை முழுக்க முகம் தெரியாத ஒரு 'வுவெஸ்ட்ரா மெர்சேத்'துக்கு எழுதிய விண்ணப்பம். நம் பழைய மனுக்களில் 'சமூகத்துக்கு' என்று எழுதுவார்களே, அந்தத் தொனி.

அதில் ஒரு திராட்சைக் கதை வரும். குருடனுக்கும் அவனைக் கைபிடித்து நடத்திப்போகும் சிறுவனுக்கும் திராட்சை பறிக்கிறவன் ஒருவன் ஒரு குலையைப் பிச்சையாகப் போடுகிறான். ஆளுக்கு ஒவ்வொன்றாக மாறி மாறித் தின்பது என்று ஒப்பந்தம். கொஞ்ச நேரத்தில் குருடன் இரண்டிரண்டாக எடுக்கிறான். பையன் விடுவானா, மும்மூன்றாக எடுக்கிறான். குலை தீர்ந்ததும் குருடன் சொல்கிறான்: நீ மூன்று மூன்றாகத்தான் தின்றாய். எப்படித் தெரியும்? நான் இரண்டு எடுத்தபோது நீ வாயே திறக்கவில்லையே!

குலையைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல் ஏன் அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள் என்று ஒரு வருஷம் கேட்டேன். பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "அறுப்பு முடியுற நேரத்துப் பழம், கையிலேயே உதிரும். பையில போட்டா சாறாயிடும்." அவள் அப்பாவும் அம்மாவும் திராட்சை பறிக்கிறவர்கள்.

அந்தப் பெண் என் வகுப்பில் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு வருஷத்துக்கு முன்பு என்னிடமே முதலாண்டு மொழி வகுப்பு படித்தவள். அங்கும் ஊமையாகத்தான் உட்கார்ந்திருப்பாள். சங்கோஜம் என்று நான் விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து தொன் கிஹோத்தேக்கு வந்தோம். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தாள். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "ப்ரொஃபெசோரா, இது அச்சுப் பிழையா?" என்றாள்.

சொல் 'த்ரூஹே'. கொண்டுவந்தேன் என்று அர்த்தம். இன்றைய பாடப்புத்தகத்தில் 'த்ராஹே' என்றுதான் இருக்கும். பிழை இல்லை, செர்வாந்தெஸ் காலத்தில் சகஜமாக எழுதியதுதான், 'அதே' என்று பொருள்படும் 'மிஸ்மோ'வுக்கு 'மெஸ்மோ' என்றும் எழுதுவார் பார் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனேன். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முதலாண்டில் எனக்கு எழுதித் தந்த கட்டுரை. பள்ளிக்குத் தமாலெஸ் என்ற மெக்சிகோ சோளமாவுப் பலகாரம் கொண்டுவந்த கதை. மூன்று இடத்தில் 'த்ரூஹே'. மூன்றிலும் என் சிவப்பு மை, ஓரத்தில் 'இப்படி ஒரு சொல் கிடையாது' என்று என் கையெழுத்து.

மெக்சிகோவின் மிச்சோவாக்கானிலிருந்து வந்த பாட்டியிடம் கற்ற சொல் அது. நான் முனைவர் பட்டத்துக்கு நானூறு பக்கம் எழுதினேன். அதில் எத்தனை மேற்கோளில் 'த்ரூஹே' வந்திருக்கும்! இலக்கிய அறையில் பழமை, மொழி அறையில் பிழை. இரண்டு அறைக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது.

அதற்காகத் திருத்துவதையே நிறுத்திவிடவில்லை. தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் 'த்ராஹே' என்றே எழுதச் சொல்கிறேன்; இல்லாவிட்டால் அடிபடப்போவது அவர்கள்தான். ஓரத்தில் எழுதும் குறிப்பு மட்டும் மாறிவிட்டது.

அடுத்த வாரம் வகுப்புக்கு ஒரு பக்கம் நகலெடுத்துக் கொண்டுபோனேன். ஹுவான் தெ வால்தெஸ் 1535 வாக்கில் எழுதிய, மொழியைப் பற்றிய உரையாடல். மற்றவர்கள் 'கொண்டுவந்தான்' என்பதற்கு 'த்ராஹோ' என்று எழுதும்போது நீ ஏன் 'த்ரூஹோ' என்று எழுதுகிறாய் என்று ஒருவர் கேட்கிறார். அது காதுக்கு மென்மையாக இருக்கிறது, அதோடு பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன் என்கிறார் வால்தெஸ். அவளையே உரக்கப் படிக்கச் சொன்னேன்.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இவர் உங்க முதல் வருஷ வகுப்புல இருந்திருந்தா?"

"அரை மார்க் குறைச்சிருப்பேன்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.